ஆறு வாரம் அன்பு காட்டிவிட்டுத் திரும்பினால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்?

வாசகர் கேள்வி
3 ஜூன் 2024, மாலை 6:10

படிப்பை முடித்துவிட்டேன். வேலையில் சேர இரண்டு மாதம் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு வாரம் தன்னார்வப் பணி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், விளையாட்டுக் காட்ட வேண்டும், சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தங்கும் செலவு, சாப்பாடு, ஏற்பாட்டுக் கட்டணம் எல்லாம் என்னுடையது. பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு ஆறு வாரமாவது அன்பு கிடைத்தால் நல்லதுதானே? போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

3 ஜூன் 2024, இரவு 9:45

வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன். 2012 இல் நானும் இப்படித்தான் ஆறு வாரம் போனேன். "அன்பு கிடைத்தால் நல்லதுதானே" என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே சொற்களில் அன்று நானும் கேட்டேன். நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

4 ஜூன் 2024, காலை 6:20

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் போன நாட்டின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் இங்கே எழுதமாட்டேன். அங்கே இருந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். தங்கள் கதையை யாரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இருபத்து மூன்று குழந்தைகள். வேனிலிருந்து நான் இறங்கி முடிப்பதற்குள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி இடுப்பில் ஏறிக்கொண்டாள். ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் என் பையை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தான். முன்பின் தெரியாத என்மேல் இத்தனை பாசமா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவர்கள் அன்புக்கு ஏங்குகிறார்கள், நான் வந்தது வீண்போகவில்லை" என்று அன்றிரவே வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இடுப்பில் ஏறியவளுக்கு ஐந்து வயது இருக்கும். சின்னவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும். என் பெயரை அவள் கேட்கவில்லை. "எத்தனை நாள்?" என்று கேட்டாள். ஆறு விரலைக் காட்டி, வாரம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுவதும் வண்ணத்தில் தோய்த்துப் பதித்த உள்ளங்கை அச்சுகள். வந்துபோன தன்னார்வலர் ஒவ்வொருவரும் கிளம்பும் நாளில் பதித்து, கீழே பெயரும் நாடும் தேதியும் எழுதிவிட்டுப் போவது வழக்கம். மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் எண்ணிப் பார்த்தேன். 118 கைகள். மிகப் பழைய தேதிக்கும் அன்றைக்கும் இடையே நான்கு ஆண்டுகூட இல்லை.

நான் கிளம்பிய காலையில் என் கையையும் பதித்தேன். பச்சை நிறம். அழுதுகொண்டே பதித்தேன். சின்னவள் அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஒட்டுப்படம் ஒன்றைச் செருப்பிலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது நான் கொடுத்த ஒட்டுப்படம். அப்போது புதிதாக இருவரை ஏற்றிக்கொண்டு வேன் உள்ளே வந்தது. எழுந்து ஓடினாள். ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவள் என்ன கேட்டாள் என்பது தூரத்தில் எனக்குக் காதில் விழவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எட்டு விரலைக் காட்டினாள்.

யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வதை நாம் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். குழந்தை உளவியல் படித்தவர்கள் அதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். 1970களில் லண்டனில், காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா டிசார்ட், ஆள் வேறுபாடு பார்க்காமல் அந்நியரிடம் ஒட்டிக்கொள்ளும் இந்தப் போக்கைப் பதிவு செய்தார். மாறி மாறிப் பலர் கையில் வளரும் குழந்தைக்கு, இவர் என்னுடையவர் என்று ஒருவரை நம்பிப் பழக வாய்ப்பே அமைவதில்லை. தன் ஆளிடம் ஓடி ஒளிந்துகொண்டு அந்நியரை அங்கிருந்து எட்டிப் பார்ப்பதுதான் ஐந்து வயதின் இயல்பு. சின்னவளுக்கு ஓடி ஒளிய ஓர் ஆள் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தேடி வரும் குறுகிய காலத் தன்னார்வலர்களைப் பற்றி லிண்டா ரிக்டரும் ஆமி நார்மனும் 2010 இல் எழுதியதும் இதைத்தான். ஏற்கெனவே ஒரு பிரிவில் உடைந்த குழந்தைக்கு, நெருங்கிப் பழகிவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவரும் இன்னொரு பிரிவு. நான் போனது அந்தக் கட்டுரை வந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். தேடவில்லை.

4 ஜூன் 2024, பகல் 1:05

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். "பெற்றோரை இழந்த குழந்தைகள்" என்று கைபோன போக்கில் எழுதிவிட்டேன். நீங்களும் கேள்வியில் "பெற்றோர் இல்லாத" என்கிறீர்கள். இந்தச் சொல்லில்தான் எல்லாமே தொடங்குகிறது.

யுனிசெஃப் கணக்கில் தாய் தந்தையரில் ஒருவரை இழந்த குழந்தையும் அனாதைதான். 2015 இல் அப்படி உலகம் முழுவதும் ஏறக்குறைய 14 கோடிக் குழந்தைகள். அந்தப் பதினான்கு கோடியைத்தான் விளம்பரங்களில் காட்டுகிறார்கள். இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி, சித்தப்பா, அத்தை, மூத்த அக்கா என்று யாரோ ஒரு சொந்தத்தின் வீட்டில் வளர்கிறார்கள்.

அப்படியானால் இல்லங்களில் இருப்பவர்கள் யார்? ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009 இல் சொன்னது. முதல் முறை இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

6 ஜூன் 2024, இரவு 8:30

"பெற்றோர் இருந்தால் குழந்தையை ஏன் இல்லத்தில் விடுகிறார்கள்? கல் நெஞ்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்லாமல் கோபப்படுவது நியாயமில்லை.

ஐந்தாவது வாரம். அலுவலக அறையில் காகிதங்களை அடுக்கித் தரச் சொன்னார்கள். சின்னவளின் கோப்பு கையில் வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். அதன் அடியில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை, பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர், "தாய்" என்று உறவு. மேலே இருந்த வாசகங்களை அலுவலக உதவியாளர் மொழிபெயர்த்துச் சொன்னார்: குழந்தைக்குக் கல்வியும் உணவும் தருவதற்காக இல்லத்திடம் ஒப்படைக்கிறேன், பள்ளிப் படிப்பு முடியும்வரை திரும்பக் கேட்கமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண் கைநாட்டு வைத்திருக்கிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாராவது படித்துக் காட்டினார்களா? தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து வாசற்படியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். தூரத்துச் சொந்தம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் அவர் பக்கத்தில் போய் நின்று, அவருடைய சேலை போன்ற துணியின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். அவர் இடுப்பில் ஏறமாட்டாள். எங்கள் இடுப்பில் மட்டும் ஏறுவாள். நான் அவர்கள் இருவரையும் கடந்து போயிருக்கிறேன், கையில் பந்துடன், வா விளையாடலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே.

இது என் ஒருத்தியின் அனுபவம். நாடுகளாகப் பார்த்தாலும் இதே கதைதான். கம்போடியாவில் 2005 இல் 154 இல்லங்கள் இருந்தன. 2010 இல் 269. போர் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகு, வறுமை குறைந்துவந்த காலத்தில், இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அதே காலத்தில்தான் சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். இல்லக் குழந்தைகளில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். உங்கள் பிள்ளையைப் போரிலிருந்து காப்பாற்றி நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்றார்கள். பெற்றோர் கடன் வாங்கி, நிலத்தை விற்றுப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் காத்மாண்டு இல்லங்களில் அனாதைகளாக நிறுத்தப்பட்டார்கள். அந்த நாட்டில் அப்போது 75 மாவட்டங்கள். பதிவு பெற்ற இல்லங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஐந்தே மாவட்டங்களில் இருந்தன: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன். சுற்றுலாப் பயணிகள் குவியும் பொக்காரா ஏரி காஸ்கியில். காண்டாமிருகம் பார்க்கப் போகும் காடு சித்வனில். குழந்தைகள் ஆதரவற்றுப்போன இடம் ஒன்று, இல்லங்கள் முளைத்த இடம் வேறொன்று.

பேரிடர் வந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம். அந்த மாதம் முடிவதற்குள், 33 குழந்தைகளை உரிய தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்கர்கள் பிடிபட்டார்கள். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது. நேபாள அரசு இதிலிருந்து கற்றுக்கொண்டது என்றே நினைக்கிறேன். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோர் அல்லது பொறுப்பாளர் இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை போட்டது, புதிய இல்லங்களின் பதிவையும் நிறுத்தியது.

பெற்றோர் இருந்தும் தாளில் அனாதையாக்கப்படும் இந்தக் குழந்தைகளைக் "காகித அனாதைகள்" என்கிறார் ஆஸ்திரேலியச் சட்ட ஆய்வாளர் கேட் வான் டூர். அந்த நாட்டின் நாடாளுமன்றக் குழு ஒன்று 2017 இல் இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது.

கல் நெஞ்சு என்று எழுதியவருக்கு: தன் மகள் படிக்க வேண்டும் என்று நினைத்த தாய் அவர். நம் வீடுகளில் பிள்ளையை விடுதியில் சேர்ப்பவர்களும் அதையே நினைக்கிறார்கள்.

7 ஜூன் 2024, காலை 7:15

கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். இன்று பணம் கட்டவில்லையாம். நன்றி.

7 ஜூன் 2024, மாலை 5:50

"உதவ நினைப்பவர்களை இப்படித் தடுத்தால் யார்தான் உதவுவார்கள்? எதுவும் செய்யாமல் வீட்டில் இருப்பவர்களைவிட அவர்கள் மேல் அல்லவா?" என்ற பதிலைப் பார்த்தேன்.

அந்த ஆறு வாரமும் நான் உண்மையாகத்தான் உழைத்தேன். காய்ச்சலில் கிடந்த பையனுக்கு இரவு முழுவதும் ஈரத்துணி போட்டேன். அந்த இரவு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இல்லத்துக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? நான் கட்டிய பணத்திலிருந்து. நான் எதற்காகக் கட்டினேன்? குழந்தைகள் அங்கே இருந்ததால். சின்னவள் தாயோடு வீட்டுக்குப் போய்விட்டால் வேனில் வருகிறவர்கள் யாரைத் தூக்குவார்கள்? அவளை அங்கேயே வைத்திருக்க ஒரு காரணமாக என் பணம் இருந்தது. இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு 10:20

எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒருவரைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கிறேன். அந்த இல்லத்தில் இரண்டு பராமரிப்புப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் அங்கே ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்தவர். இருட்டில் ஓர் இருமல் கேட்டால் எந்தப் படுக்கையிலிருந்து வருகிறது, யாருடையது, சளியா வெறும் தொண்டைக் கமறலா என்று சொல்லிவிடுவார். விளக்கைப் போடமாட்டார். நேராகப் போய் அந்தப் பிள்ளையின் முதுகைத் தடவுவார்.

நான் போன இரண்டாம் நாளே, பிள்ளைகளைத் தூங்கவைக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அது ஆசை. கதை சொல்வேன், பாடுவேன். அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆறு வாரம் அந்தப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அவர் கை இல்லாமல் தூங்கினார்கள். நான் போன பிறகு அவர் திரும்பவும் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் எத்தனை பேர் அவரிடமிருந்து அந்த நேரத்தை வாங்கிக்கொண்டார்களோ. சுவரில் இருந்த 118 கைகளில் அவருடைய கை இல்லை.

அதே காலத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் மூன்று வாரம் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். குழந்தைகளோடு அவர் விளையாடவில்லை, படம் எடுக்கவில்லை. எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்கூட. பெருமூளை வாதம் உள்ள ஒரு பையன் அங்கே இருந்தான். சாப்பிடும்போதெல்லாம் புரைக்கேறும். அவனை எப்படி உட்காரவைப்பது, கழுத்துக்குப் பின்னால் துண்டை எந்தத் தடிமனில் சுருட்டி வைப்பது, கரண்டியை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுபோவது என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தினமும் காட்டிக்கொடுத்தார். அவர்கள் செய்வதை உட்கார்ந்து பார்த்தார், திருத்தினார். பையனுக்கு ஊட்டியது கடைசிவரை அந்தப் பெண்கள்தான். அவர் கிளம்பிய மறுநாளும் அவன் புரைக்கேறாமல் சாப்பிட்டான்.

ஆகவே முதல் நாள் நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வெளிநாட்டுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கையில் ஒரு தொழில் இருந்து, அதை அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தால் போங்கள். குழந்தையை நேராக உங்கள் மடியில் வைத்துக்கொள்ளும் வேலைக்குப் போகாதீர்கள்.

10 ஜூன் 2024, காலை 6:40

நேற்று விட்டுப்போனது. அனுப்பிவைக்கும் நிறுவனத்திடம் என்ன கேட்பது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நான் இன்று போவதாக இருந்தால் முதலில் ஒன்றைக் கேட்பேன்: கடந்த ஆண்டில் எத்தனை குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள்? ஒருவரும் இல்லை என்றால் மேலே பேச வேண்டாம். அப்புறம், என் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டாமா என்று கேட்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகலும் பணமும் போதுமானதாக இருந்தன. என் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில், முன்பின் தெரியாத ஒருத்தி ஆறு வயதுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்க விடுவார்களா? கண்ணில் பட்டவர்களையெல்லாம் உள்ளே விடும் கதவு தீய எண்ணத்தோடு வருகிறவனுக்கும் திறந்துதான் இருக்கும்.

எந்த விசாவில் வரச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்க்கச் சொல்லும் இடம், அந்த நாட்டுச் சட்டத்தை எவ்வளவு மதிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

13 ஜூன் 2024, இரவு 9:00

புகைப்படம் பற்றி ஒருவர் கேட்டார். என் மடியில் சின்னவள் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஏழு ஆண்டு என் சமூக ஊடகப் பக்கத்தில் இருந்தது. "அனாதைக் குழந்தைகளுடன்" என்று கீழே எழுதியிருந்தேன். நூற்றுக்கணக்கானோர் பாராட்டினார்கள். அதைப் பார்த்து இரண்டு தோழிகள் அதே இல்லத்துக்குப் போனார்கள். 2019 இல் எடுத்துவிட்டேன். அவள் தாய் உயிருடன் இருக்கும்போது, அவளை அனாதை என்று ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது.

அந்த 2019 டிசம்பரில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில், அனாதை இல்லத் தன்னார்வத் திட்டங்கள், சுற்றுலாவோடு சேர்ந்து வருபவை உட்பட, கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவகுக்கக்கூடும் என்று சொல்லி, அந்தத் தீங்கைத் தடுக்க அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

20 ஜூன் 2024, இரவு 11:10

நீண்ட குறிப்பு. பணம் பற்றி.

இதைப் படித்துவிட்டு, தான் மாதம் தோறும் ஓர் இல்லத்துக்கு அனுப்பிவரும் பணத்தை நாளையே நிறுத்தப்போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அன்றைய சாப்பாட்டில்தான் கை விழும். பராமரிப்புப் பெண்ணின் சம்பளம்தான் முதலில் நிற்கும். பிள்ளைகளைத் தயாரிப்பு எதுவும் இல்லாமல் பஸ் ஏற்றிவிட்ட இடங்களும் உண்டு. வீடு எப்படி இருக்கிறது, ஏன் அன்று அனுப்பினார்கள், அந்தக் காரணம் இன்று தீர்ந்திருக்கிறதா, தாய்க்கு என்ன உதவி தேவை என்று சமூகப் பணியாளர் ஒருவர் பலமுறை போய்ப் பார்த்த பிறகே குழந்தை திரும்ப வேண்டும். திரும்பிய பிறகும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே இல்லத்துக்கு எழுதுங்கள். குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் திட்டம் இருக்கிறதா, என் பணத்தை அதற்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒரு கெடு சொல்லுங்கள். பதில் வராவிட்டால் குடும்பங்களைத் தாங்கும் வேலை செய்பவர்களுக்குப் படிப்படியாக மாற்றிவிடுங்கள்.

முடியாத காரியம் என்று நினைக்காதீர்கள். ருவாண்டா 2012 இல் தன் இல்லங்களை மூட முடிவு செய்தபோது 33 இல்லங்களில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். இனப்படுகொலையில் சிதறிய நாடு அது. சொந்தங்களைத் தேடினார்கள். கிடைக்காதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பங்களைத் தயார்செய்தார்கள். அங்கே ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பேர், ஆண் ஒருவர், பெண் ஒருவர், குடும்பத்தின் நண்பர்களாக ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டு வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்களும் தன்னார்வலர்கள்தான். சம்பளம் இல்லை. ஆனால் எத்தனை நாள் என்று எந்தக் குழந்தையும் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை, அடுத்த தெருவில்தானே இருக்கிறார்கள். இதைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கென்யா 2017 இல் புதிய இல்லங்களுக்குப் பதிவு தருவதை நிறுத்தியது. 2022 இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. ருமேனியாவில் 1989 இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் அடைபட்டிருந்தார்கள். தலைநகர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடு தொடர்ந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதற்குப் பின் போனவர்களுக்குப் பயனில்லாமல் போய்விட்டது.

21 ஜூன் 2024, காலை 6:05

நேற்றைய கடைசி வரி தவறு. தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையை வளர்ப்பு மகளாக ஏற்றிருக்கும் ஒருவர், "அப்படியானால் என் மகளுக்கு?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மன்னியுங்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பாசப்பிணைப்பு போன்ற சிலவற்றில் பயன் கூடுதலாக இருந்தது என்பதே சரி. பிந்திப் போனவர்களுக்கும் குடும்பம் நன்மை செய்தது. மனச்சோர்வும் பதற்றமும் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் குறைவாக இருந்தன. உங்கள் மகள் உங்களிடம் வந்தது காலம் கடந்து அல்ல. அவள் அந்நியர் வந்தால் உங்கள் பின்னால் ஒளிகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு நான் அழுதுவிட்டேன்.

2 ஜூலை 2024, மாலை 6:30

கேள்வி கேட்டவர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிய குழந்தைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, "இங்கே குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. நன்னடத்தைச் சான்று, விருப்பமிருந்தால் அனுப்பலாமாம். அவர் போகவில்லை. அந்தப் பணத்தில் பாதியைக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் ஓர் அமைப்புக்குக் கொடுத்திருக்கிறார். மீதியில், சமூகப் பணி பட்டயப் படிப்பில் சேர விண்ணப்பம் வாங்கியிருக்கிறார். வேலையோடு சேர்த்து மாலையில் படிப்பாராம். இரண்டு ஆண்டு.

18 ஆகஸ்ட் 2024, இரவு 8:45

அந்த இல்லம் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டுவிட்டீர்கள். 2016 இல் மூடப்பட்டது என்று அங்கே வேலை பார்த்த உதவியாளர் எழுதினார். பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் வேறு இல்லங்களுக்கு. சின்னவள் எந்தப் பக்கம் போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை. தேடிப் போகலாமா என்று இரண்டு முறை நினைத்து விட்டுவிட்டேன். அவளுக்கு இப்போது பதினேழு. என்னைப் பார்க்க வேண்டும் என்பது என் தேவை, அவளுடையது அல்ல.

இன்று ஒருவர் கேட்டிருக்கிறார்: அந்தத் தாயின் பெயர் என்ன, நினைவிருக்கிறதா?

இல்லை. கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது, உதவியாளர் படித்தும் சொன்னார். இருபத்து மூன்று பிள்ளைகளின் பெயரையும் படுக்கை வரிசைப்படி இன்றும் என்னால் சொல்ல முடியும். அந்த ஒரு பெயரை மட்டும் நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.